மாங் செலோ விட மறுத்த இரண்டு வார்த்தைகள்

எங்கள் ஊர் மன்றத்தின் புகார்ப் புத்தகத்தில் போன வருடம் வரை என் பெயர் ஏழு இடங்களில் இருந்தது. ஏழையும் எழுதியவர் மாங் செலோ. தலைவர் மட்டும் அவரைச் செலோ என்பார். மற்ற எல்லாருக்கும், வயதுக்கு மரியாதையாக, மாங் செலோதான். பதினாறு வருடமாகப் பகலில் ஊர்க்காவல் சுற்றுகிறார், வருகிற சண்டைகளை எழுதி வைக்கிறார். ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நான் சாயம் பூசியதை இப்படி எழுதியிருந்தார்: “சேவல் ஒன்று. நிறம் ஊதா. முந்தைய நிறம் சிவப்பு. பெண் சிரித்தாள்.” அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அம்மா என் காதைத் திருகினாள். பொய் என்று சொல்ல வழியில்லை. சிரித்தேன்தான்.

போன வருடம் புதுத் தலைவர் வந்தார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர் புத்தகத்தைத் தொடக்கூடாது என்றார். மாங் செலோ படித்தது ஆறாம் வகுப்பு. ஐம்பத்திரண்டு வயதில், சனிக்கிழமைக் காலைகளில் கூடைப்பந்து மைதானத்தில் நடக்கும் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். படிப்பை விட்டவர்களுக்கான வகுப்பு அது. எட்டாவதில் நின்றுபோன நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி.

கணக்கெல்லாம் அவருக்கு ஊதித்தள்ளுகிற வேலை. ஆங்கிலத்தில்தான் மாட்டினார். கடைசிக் கட்டுரையில் உவமை, உருவகம் எல்லாம் வந்தால்தான் தேர்ச்சி. ரோவெனா மேடம் பலகையில், காற்று கிசுகிசுத்தது என்று ஆங்கிலத்தில் எழுதினார். மாங் செலோ கையைத் தூக்கினார்.

“யார் கேட்டாங்க மேடம்?”

“எதை?”

“கிசுகிசுத்ததை. சாட்சி வேணுமில்ல?”

“விடுங்க மேடம்,” என்றேன் நான். “அவர் போய்க் காத்தைக் கூட்டிட்டு வந்து விசாரிக்கட்டும்.”

நிலாவைப் பற்றி எழுதச் சொன்னபோது அவர் எழுதியது: “நிலா ஒரு வெள்ளித் தட்டு என்று கூறப்படுகிறது.” ஒருத்தி இன்னொருத்தியைத் திருடி என்று கத்தினால், அவள் உடனே திருடி ஆகிவிடுவாளா? அதனால் புத்தகத்தில் எல்லாப் பேச்சுக்கும் அந்த வால் உண்டு. கை பழகிவிட்டது.

“கடைசி ரெண்டு வார்த்தையை எடுங்க, மாங் செலோ.”

“எடுத்தா நானே சொன்ன மாதிரி ஆயிடுமே மேடம்.”

“அதுதான் வேணும்!”

“ஆனா நிலா தட்டு இல்லையே. விடமாட்டேன் மேடம்.”

நான் உதவுகிறேன் என்று ஒரு உருவகம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கணீரென்று வாசித்தார்: “என் மனைவி ஓர் எருமை என்று கூறப்படுகிறது. கூறியவர், ஜிங்ஜிங்.”

அவர் மனைவி நோர்மா மைதான வாசலில்தான் அரிசிக் கேக் விற்கிறாள்.

“எருமையா? வாடி இங்க! யாரு எருமைன்னு காட்டுறேன்!” கரண்டியோடு என்னை மைதானத்தில் இரண்டு சுற்று துரத்தினாள். “எழுதுய்யா, உன் புத்தகத்துல எழுது!”

எழுதினார். எட்டாவது பதிவு.

அதில் கையெழுத்துப் போட மன்றத்துக்குப் போனேன். அவர் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“எதுக்கு இது?”

“அடுத்த வாரம் கடைசிக் கட்டுரை. எனக்கு வராது, ஜிங். எடுத்துக்கறவன் கையில கிழிசலாக் குடுக்கக்கூடாதுல்ல.”

என் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். அங்கே என் பெயர் இல்லாத ஒரு பக்கம், அம்மா கொடுத்த புகார். எனக்கு எட்டு வயது, அப்பா எங்களை விட்டுவிட்டு, கதவைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போன நாள். “வீடு இப்போது பல் போன வாய் என்று மனுதாரர் கூறுகிறார்.” அம்மா அப்படிச் சொன்னாள் என்பதே எனக்குத் தெரியாது.

“அம்மா சொன்னது பொய்யா?” என்று கேட்டேன்.

“இல்ல. விசாரிக்க நானே வந்தேனே. உள்ள நுழைஞ்சா அப்படித்தான் இருந்துச்சு.”

“அப்ப பார்த்தது நீங்க. சாட்சியும் நீங்கதான். பின்ன யார் மேல பழி போடறீங்க?”

அவர் ஒட்டிக்கொண்டிருந்த அட்டையை அப்படியே விட்டுவிட்டு, கடைசி வார்த்தைகளை விரலால் மறைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தார்.

கடைசிக் கட்டுரை, ‘நான் மறக்காத இடம்’. அவர் தாளை எட்டிப் பார்த்தேன், காப்பியடிக்கத்தான். முதல் வரி: “அந்த வீடு பல் போன வாய்.” அதற்குப்பின் ஒரு முற்றுப்புள்ளி. வால் இல்லை. அன்று முழுக்க எனக்குக் கண்ணில் தூசி.

தேர்ச்சி பெற்றார். புத்தகம் அவரிடமே இருக்கிறது. அதைக் கொண்டாட சேவலுக்குப் போக மிச்சமிருந்த சாயத்தை அவர் சைக்கிளுக்குப் பூசினேன். ஒன்பதாவது பதிவை அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள், காதைத் திருகவில்லை:

“சைக்கிள் ஒன்று. நிறம் ஊதா. செய்தவர் ஜிங்ஜிங். இந்தப் பெண் ஓர் ஊதாச் சேவல். சாட்சி, நான்.”