அவனுக்கும் ஒரு கப் திராட்சரசம்

எங்கள் ஜெபக்கூடம் ஆந்திர எல்லையிலுள்ள நகரியில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் கோடியில் இருக்கிறது. அங்கே பாய் விரிப்பது, மைக் செட் கட்டுவது, கிறிஸ்மஸ் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பது, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு ரொட்டி கொண்டுபோவது எல்லாம் நான்தான். யாரும் கேட்டு நான் செய்யவில்லை. யாரும் பார்க்காமலும் செய்ததில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. திராட்சரசக் கப்புகள் வைத்த தட்டைச் சுமப்பதும் நானே. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தட்டைச் சுமக்கிறவன் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் தன் கப்பை எடுக்க வேண்டும். ஒரே ஒருவர் பாக்கி இருந்தாலும் அவன் வாயில் வைக்கக் கூடாது.

இந்த வழக்கத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, போன மாதம் அவன் வந்து உட்காரும் வரை.

அவன் என்னோடு ஒரே ஷெட்டில் பவர்லூம் ஓட்டியவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் குடித்துவிட்டு பைக் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்தது நான். புத்தூர் ரோட்டு வளைவில் பள்ளத்தில் விழுந்தோம். அவன் எழுந்து ஓடிவிட்டான். சாயங்காலத்துக்குள் ஷெட்டில் போய், குடித்ததும் நான், ஓட்டினதும் நான் என்று சொல்லிவிட்டான். ஓனர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் எடுத்துச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கிறவன் நான். அப்படிப்பட்டவன் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பேசினால் அதுவும் ஒரு ஐட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

உடைந்த இடது கைக்குப் புத்தூரில் கட்டுப் போட்டார்கள். அவிழ்க்கவே கூடாது என்றார்கள். அரிப்புத் தாங்காமல் கரண்டிக் காம்பால் நெம்பி நானே அவிழ்த்தேன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கோணலுக்கும் அவன்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அவனுக்கு ஈரல் கெட்டு, திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ ஜெபித்தார்களாம். நம்பினானாம். ஞானஸ்நானம் எடுத்து, எங்கள் கூடத்திலேயே எழுந்து சாட்சி சொன்னான். குடித்ததைச் சொன்னான், பெண்டாட்டியை அடித்ததைச் சொன்னான். பைக்கைச் சொல்லவில்லை. சபையே "ஸ்தோத்திரம்" என்றது. அவன் பேசினது நான் கட்டின மைக்கில், அவர்கள் உட்கார்ந்திருந்தது நான் விரித்த பாயில்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை பாஸ்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னவர்; நாங்கள் ஐயகாரு என்போம்.

"ஐயகாரு, நாளைக்கு அவனுக்கும் தட்டு நீட்டணுமா?"

"ஞானஸ்நானம் ஆயிடுச்சேண்ணா. நீட்டாம?"

"ஒரு வருஷம் பாய் விரிக்கட்டும். பாத்திரம் கழுவட்டும். அப்புறம் பாக்கலாம்."

"நீங்க பாய் விரிச்சதுக்காகவா கர்த்தர் உங்கள மன்னிச்சாரு?"

"பின்ன, சும்மாவா விரிச்சிக்கினு இருக்கேன்?"

அவர் சிரித்துவிட்டார். "எதிர் டீக்கடையில உக்காந்துக்கினு என் ஜெபத்த நடிச்சுக் காட்டுவீங்களே. உள்ள கூப்பிட்டப்ப பாத்திரம் கழுவச் சொன்னனா?"

"அது வேற. நான் பண்ணது தமாசு. அவன் பண்ணது துரோகம்."

"நெசம்தான். உங்ககிட்ட அவன் பேசணும், அந்தப் பாக்கி இருக்குது. ஆனா மன்னிப்புக்கு அவன் நம்பினது போதும்ணா. எழுந்து போடான்னு சொல்றதுக்கு இது என் வீட்டுப் பந்தியா?"

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் வெங்காயம் உரித்து அழுத கண்ணுக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாலு சொட்டு விட்ட கண்ணுக்கும் பரலோகத்தில் ஒரே மரியாதை என்றால், நான் எதற்கு விடியற்காலையில் எழுந்து மைக் கட்ட வேண்டும்? வீட்டில் இதையே கத்தினேன். "கட்டாத போ, தூங்கு," என்றாள் மனைவி. காலையில் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தட்டோடு கிளம்பினேன். கடைசி வரிசையில், வாசல் ஓரம் அவன். சரேலென்று தாண்டிப் போனேன். பெண்கள் பக்கம் முழுக்கக் கொடுத்து முடித்துத் திரும்பினால், தட்டில் இரண்டு கப். ஒன்று என்னுடையது. பாட்டு முடிந்துவிட்டது. ஐயகாரு கண்ணை மூடிக் காத்திருக்கிறார். மனைவி மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கொடுக்காமல் நான் குடிக்க முடியாது.

போய் நின்றேன். கோணல் கையில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

அவன் கப்பைத் தொடவில்லை. குனிந்துகொண்டே மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு சாட்சி சொல்றப்ப பைக் விஷயத்தச் சொல்லத்தான்பா எழுந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். நான் அழுவறத நீ நடிச்சுக் காட்டுவன்னு பயந்துக்கினு உட்டுட்டேன்."

இதற்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏனென்றால் அவன் விக்கி விக்கி அழுததை அன்றைக்கே வீட்டில் நடித்துக் காட்டியிருந்தேன். நன்றாக வந்திருந்தது.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு," என்றேன்.

"சொல்றேன். சொல்லிட்டுக் குடிக்கட்டுமா, குடிச்சிட்டுச் சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டுக் குடி என்பதுதான் நியாயம். முந்தின நாள் முழுக்க நான் வாதாடினதும் அதுதான். அவன் விரல்கள் மஞ்சளாக இருந்தன. சொல்வதற்குள் மயங்கி விழுந்தால் பன்னிரண்டு வருடத்துக் கதை அப்படியே போய்விடுமே என்றும் ஒரு கணம் நினைத்தேன். நான் அவ்வளவு நல்லவன். ஆனால் அவன் கேட்டது என்னிடம். அன்றைக்கு டீக்கடையிலிருந்து உள்ளே போன என்னிடம் முதலில் இது, பிறகு அது என்று யாருமே வரிசை சொல்லவில்லை.

"குடி," என்றேன். "மொதல்ல குடி."

குடித்தான். பிறகு நானும் குடித்தேன். கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. ரசத்தோடு சேர்ந்து அதுவும் உள்ளேதான் போனது.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். ஓட்டினது தான்தான் என்றும், பழியை என்மேல் போட்டதும் தான்தான் என்றும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தட்டைத் துடைத்தேன்.

அப்புறம் சபை முழுக்க ஒரே குரலாக "ஸ்தோத்திரம்" என்றது. மறுபடியும் அவனுக்குத்தான்.