தெலிமா தனக்குப் பார்த்த உறவு

உப்பு போடுவதற்குக் காட் மீனைக் கீறிக் கொடுப்பதுதான் தெலிமாவுக்குப் பிழைப்பு. ஆனால் கேப் பிரெட்டன் கரையில் அவளைத் தேடி வந்தவர்கள் யாரும் மீனுக்காக வரவில்லை. முதலில் வந்து காடு வெட்டிய நாலைந்து பிரெஞ்சு பேசும் அக்காடியக் குடும்பங்களின் வழிவந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும். யாரைத் தொட்டாலும் யாருக்காவது சொந்தம். கல்யாணப் பேச்சு வந்தால், பெண்ணும் பையனும் எத்தனையாவது தலைமுறையில் கலக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். மூன்றுக்குள் என்றால் ஆயரிடம் விலக்கு வாங்காமல் மோதிரம் ஏறாது. இப்படிப் பார்ப்பதற்கு 'உறவு வெட்டித் தெளிப்பது' என்று பெயர். காடு வெட்டியவர்கள் வைத்த பெயர் வேறு எப்படி இருக்கும்?

இரண்டு பக்கத்து மூத்தவர்களையும் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் தெலிமா வாயைத் திறப்பாள். எங்கள் பெயர்களை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். ஒருவனைக் கூப்பிட்டால் அப்பன் பெயரும் பாட்டன் பெயரும் சேர்ந்து வரும். பெற்றவள் பெயர் வராது.

அந்தத் தெலிமா தன் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டாள்.

கலிக்ஸ்த் எதிர்த்தீவிலிருந்து மீன் படகில் வருவான். ஃபிர்மெனின் மகன் நார்சிஸின் மகன். சிரித்தால் கண் காணாமல் போகும். அந்தக் கோடை முழுக்க அவனுக்குத் தெலிமாவின் மேஜைப் பக்கத்திலேயே ஏதாவது வேலை இருந்தது. கட்டிக்கொள்கிறாயா என்று அவன் கேட்டபோது, சரி என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஃபிர்மெனின் மனைவி ஓசித், தெலிமாவின் பாட்டிக்கு உடன்பிறந்த தங்கை. மற்ற வழிகளில் ஒட்டே இல்லை. இந்த ஒன்றுதான் இடித்தது.

"அதனால என்ன? சாமியார்கிட்ட சொன்னா ஆயருக்கு எழுதிப் போடுறாரு. ஊர்ல பாதிப் பேரு அப்படிக் கட்டினவங்கதானே?"

"எத்தனை பேருக்கு நானே வேணாம்னு சொல்லியிருக்கேன். இப்ப நான் போய் நின்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"ஊரையா கட்டிக்கப் போற? என்னையத்தானடி!"

"உன் பாட்டி எனக்குச் சின்னப் பாட்டி. போ, வேற பொண்ணைப் பாரு."

தீவுக்குப் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். யாருக்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டுவிடுவார்களே என்ற வெட்கம். தனக்குத் தெரியாத உறவா என்ற மிதப்பு வேறு. கலிக்ஸ்த் பாஸ்டனுக்குப் போனான், அங்கேயே கட்டிக்கொண்டான். தெலிமாவையும் பெண் கேட்டு வந்தார்கள். யாரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு முடி நரைத்த பிறகு, பிறந்த மண்ணில் புதைக்க வேண்டும் என்று கலிக்ஸ்தைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். தெலிமா படகேறித் தீவுக்குப் போனாள். உறவுக்காரர்களுக்கென்று பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில் நேராகப் போய் உட்கார்ந்தாள். இந்த உரிமையாவது மிஞ்சியதே என்று இருந்தது அவளுக்கு.

பாஸ்டனில் வளர்ந்த மகனுக்கு அங்கே யாரையும் தெரியாது. பக்கத்தில் வந்து குனிந்தான்.

"நீங்க எங்களுக்கு என்ன வேணும்?"

"உங்கப்பாவோட பாட்டி ஓசித்தும் என் பாட்டியும் அக்கா தங்கச்சி. அந்த வழியில நான் உனக்கு அத்தை முறை, ராசா."

"அதெப்படி?" என்று எதிரிலிருந்து குரல் வந்தது. ஓசித்தின் மகள் ஃபிலோமென். எண்பது தாண்டியும் காது கூர்மை. "எங்கம்மா நார்சிஸண்ணனைப் பெக்கல, வளர்த்தா. எங்கப்பாவுக்கு மூத்த தாரம் மொதெஸ்த். பெத்துப் போட்டுட்டுக் கண்ண மூடிட்டா. தாயில்லாப் பிள்ளைன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு எங்கம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடல."

தெலிமா அவள் பக்கம் திரும்பினாள். "மொதெஸ்த் எந்த ஊரு?"

"நியூஃபவுண்ட்லாந்து. மீன் பிடிக்கப் போன இடத்துல அப்பா கட்டிக் கூட்டிட்டு வந்தது. நம்ம சனமே இல்ல."

"நீ ஏன் சொல்லவே இல்ல?"

"நல்லாருக்கே! யாராவது வந்து கேட்டாத்தானே சொல்ல?"

ஊருக்கெல்லாம் கேட்டவள். தனக்காக ஒருமுறை படகேறி வந்து இவளைக் கேட்டிருந்தால் போதும். ஆயரும் வேண்டாம், விலக்கும் வேண்டாம். பெற்ற வயிறு எரிவதுபோல் எரிந்தது, எதையும் பெறாத அந்த வயிறு.

மகனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்ப நீங்க எங்களுக்கு யாரு அத்தை?"

"யாரும் இல்ல, ராசா."

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கதவோரம் ஊர்ச்சனம் நின்ற இடத்துக்குப் போய், அவர்களோடு நின்றுகொண்டாள்.