ஜீப்புக்கு அடியிலிருந்து வந்த குரல்

எங்கள் அன்பு அண்ணனின் இறுதிக் கிரியைகளுக்கு வந்தவர்களில் பலர், மாலை வைத்துக் கும்பிட்டு, அண்ணியின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, வாசலில் செருப்பைத் தேடும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைக் கேட்டார்கள். "ஜீப்ப என்ன செய்யப் போறீங்க?" எனக்குக் கோபம்தான் வந்தது. மனிதரைத் தூக்கவே இல்லை, அதற்குள் இரும்பைப் பற்றிய விசாரணையா என்று நினைத்தேன். பிறகு யோசித்தபோது, அவர்கள் அண்ணனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த அஞ்சலி மலரைக் கையில் எடுக்கும் உங்களுக்கு அதற்கான பதிலைச் சொல்லத்தான் தங்கையாகிய நான் எழுதுகிறேன். பதிலைச் சொன்னவர் அண்ணி. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

நாவலப்பிட்டிக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியிலுள்ள தொழிலாளர் லயத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் வரிசையாக வந்தோம். பள்ளிக்கூடம் கீழே, வீடு மேலே. இடையில் மழையும் அட்டையும். ஒரு முறை கொழுந்து எடுக்கப் போன அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்தப் பாதையில் ஏற எந்த வண்டியும் சம்மதிக்கவில்லை. கதிரையில் மூங்கில் கட்டி, அம்மாவை உட்கார வைத்து, ஆண்கள் தோளில் சுமந்து பெரிய ரோட்டுக்கு இறக்கினார்கள். அண்ணன் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். அன்றே அவர் மனதில் ஒரு சபதம் எடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும் அவர் கேட்டது, "பசிக்குது, பணிஸ் ஏதும் கெடைக்குமா?" என்பதுதான்.

படித்து, பரீட்சை எழுதி, கம்பளையில் ஓர் அரச காரியாலயத்தில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதரானார். தம்பிமாரைக் கரை சேர்த்தார். என்னை ஆசிரியையாக்கினார். அப்பா, அம்மா இருவரையும் கீழே அழைத்து வந்து, அவர்களின் கடைசிக் காலம் வரை வைத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்து மூச்சு விட நேரம் கிடைத்தபோதுதான் ஜீப் வந்தது.

அண்ணிக்குச் சொந்த ஊர் கலகெதர. அங்கே ஒரு விசேஷத்துக்குப் போன அண்ணன், பக்கத்துத் தோட்டத்துப் பலா மரத்தடியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஜீப்பைப் பார்த்திருக்கிறார். கூரை இல்லை, தரை இல்லை, பொனட்டுக்குள் கொடித்தோடை படர்ந்திருந்தது. அண்ணியைக் கேட்காமல் ஒரு கைக்குட்டைகூட வாங்காத மனிதர், அண்ணியைக் கேட்காமல் அதை வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இதுக்குள்ள பாம்பு கெடக்கும்" என்றார் அண்ணி.

பாம்பு இல்லை. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அண்ணி அதை மட்டும் மரியாதையாக வரவேற்றார்.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் எல்லாப் பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஜீப்புக்கே. கராஜ்காரர்களிடம் விட அண்ணனுக்கு மனம் வராது. தார் பீப்பாயை வெட்டித் தட்டித் தரை போட்டார். உடைத்த வேன் ஒன்றின் சீட்டுகளைக் கொண்டுவந்து பூட்டினார். வைப்பர் மோட்டர் ஒரு பழைய பஸ்ஸினுடையது. போட்டால் ஜீப்பே ஆடும். பெட்ரோல் எஞ்சின் குடிக்கிற குடிக்குச் சம்பளம் போதாது என்று, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் ஒரு டீசல் எஞ்சினைத் தேடிப் பிடித்து, அது உட்காருவதற்கான தாங்கிகளைத் தானே அளந்து வெட்டினார். முதல் முறை அளவு பிழைத்து, கியர் கம்பு அண்ணியின் முழங்காலுக்கு நேராக வந்து நின்றது. திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றினார். கூரைக் கன்வசை அண்ணியின் தையல் மெஷினில்தான் தைத்தார்கள். ஊசிகள் உடைந்துகொண்டே இருந்தன. அண்ணி திட்டிக்கொண்டே தைத்தார். அண்ணிக்கு முழங்கால் வலி தொடங்கியதும், ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி வந்தது. அதைப் பற்றி அண்ணன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பார்த்தால் படி இருந்தது.

அந்த ஜீப் நாங்கள் பிறந்த மலைக்கு ஏறியது. திருவிழாவுக்கு ஜெனரேட்டரையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றியது. நோயாளிகளையும் பிள்ளை பெறப் போகிறவர்களையும் இறக்கியது. இதை வாசிக்கும் சிலர் அதில் இறங்கியவர்கள்தான்.

மலைக்குப் புறப்படும் முன் பிரேக்கைப் பார்க்காமல் அண்ணன் ஜீப்பை எடுக்கவே மாட்டார். "ஏறாட்டி வீட்லயே இருந்துக்கலாம். எறங்காம இருக்க முடியுமா?" என்பார். பழைய பிரேக் என்பதால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அந்தக் காற்றை எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, நான்கு சில்லுகளில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலுள்ள சின்ன நட்டைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். கீழே இருப்பவர் சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். கீழே படுத்திருப்பவர் எப்போதும் அண்ணன். மேலே உட்கார்ந்தவர்கள் நாம் எல்லோரும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"புடிச்சுக்க."

"புடிச்சிருக்கேன்."

"இப்ப விடு."

கம்பளை வீட்டுக்கு வந்து இதைச் சொல்லாமல் போன உறவினர் உண்டா? தேத்தண்ணி வருவதற்குள் பெடல் வந்துவிடும். அண்ணனின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட, மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பட்டு வேட்டியோடு ஏற்றி உட்கார வைத்தார். அவர் பதற்றத்தில் காலை முன்னமே எடுத்துவிட, வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தம் கூடிவிட்டது. சம்பந்தி இன்றும் எங்கள் வாசலில் ஏறும்போது, "கால கழுவிட்டு வரவா?" என்றுதான் கேட்பார்.

அண்ணன் அதிகம் பேசாதவர் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார். அவரிடமிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான். ஆனால் ஜீப்புக்கு அடியில் படுத்துவிட்டால் பேச்சு வரும். மேலே இருப்பவரின் முகம் தெரியாததாலோ, மேலே இருப்பவர் எழுந்து போக முடியாததாலோ, எதனாலென்று நான் அறியேன். என் கணவர் காலமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. "தங்கச்சி, தனியா எதுக்கு இருக்க? இங்க வந்துரு. அந்த அறை சும்மாதான கெடக்கு. இப்ப விடு." நான் அழுதேன். அவர் அடுத்த சில்லுக்குப் போய்விட்டார். அந்த மாதமே நான் இந்த வீட்டுக்கு வந்தேன்.

பிள்ளைகள் வெளிநாடு போனபின் பெடல் வேலை பெரும்பாலும் அண்ணியின் தலையில் விழுந்தது. அடுப்பில் கறி, முழங்காலில் வலி, முற்றத்திலிருந்து "புள்ள, ஒருக்கா வா" என்ற அழைப்பு. ஒரு நாள் அண்ணி பொறுக்க முடியாமல் மகனிடம் போனில் முறையிட்டார். இதை ஒற்றை ஆளாகச் செய்ய வழி உண்டு என்று மகன் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தான். ஒரு போத்தல், ஒரு சின்னக் குழாய். குழாயின் ஒரு நுனியை நட்டில் மாட்டி, மறு நுனியைப் போத்தலிலுள்ள பிரேக் ஒயிலுக்குள் முக்கி வைத்துவிட்டு, தானே ஏறிப் பெடலை அமுக்கி விட்டாலும் காற்று திரும்பிப் போகாதாம். அண்ணன் அதை அழகாகச் செய்து முடித்தார். அடுத்த ஞாயிறு ஜீப்புக்கு அடியில் போனார், வந்தார்.

"சரிவரல" என்றார்.

போத்தலைத் துடைத்து ஷெட்டில் ஓர் ஆணியில் மாட்டினார். "புள்ள, ஒருக்கா வா" தொடர்ந்தது.

தன் நோயைக்கூட அங்கிருந்துதான் சொன்னார். நான் வாசலில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். "புள்ள, டொக்டர் நெஞ்சுல அடைப்பு இருக்குனு சொல்றாரு. பெருசாத்தான் இருக்காம். இப்ப விடு." அண்ணி காலை எடுக்கவில்லை. "விடு புள்ள, விடு" என்று கீழேயிருந்து அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணி பெடலை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம், வீட்டில் கொஞ்ச காலம். ஜீப் தெரியும்படி கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம். ஒரு காலைப்பொழுதில், அண்ணி கொடுத்த கஞ்சியில் இன்னொரு கரண்டி கேட்டுக் குடித்துவிட்டு, அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

ஓட்ட ஆளில்லாமல் ஜீப் முற்றத்தில் நின்றது. பார்க்கப் பார்க்க அம்மாவுக்கு வேதனை, விற்றுவிடலாம் என்றான் மகன். அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழைய ஜீப்களில் மலையேறும் கண்டிக்காரர் ஒருவர் வாங்கச் சம்மதித்தார். பிரேக் பெடல் மட்டும் அமுக்கினால் தரைவரை போகிறது, அதைச் சரி செய்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மகன் லீவு எடுத்து வந்தான். அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, ஷெட்டில் தொங்கிய போத்தலை எடுத்துத் தனியாகவே வேலையைத் தொடங்கினான். சற்று நேரத்தில் முற்றத்திலிருந்து சத்தம் போட்டான்.

"அம்மா, இது சரிவரலன்னுதானே அப்பா சொன்னாரு? நல்லா வேல செய்யுதே! ஒரு சில்லு முடிஞ்சிருச்சு. ஆளே தேவையில்ல!"

அண்ணி குசினி அடுப்படியிலிருந்து வந்தார். போத்தலைப் பார்த்தார். மகன் ஏறிப் பெடலை அமுக்க அமுக்க, அதற்குள் நிதானமாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்தப் போத்தலைச் செய்த நாளிலிருந்து அண்ணனுக்கு மேலே ஆள் தேவைப்படவே இல்லை.

"அதக் கழட்டு" என்றார் அண்ணி. சேலையைச் சொருகிக்கொண்டு, தனக்காகப் போட்ட படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். "நான் அமுக்குறேன்."

"எதுக்கும்மா, இதுலயே..."

"கீழ போ தம்பி."

அவன் போய்ப் படுத்தான்.

"அமுக்குங்கம்மா."

"அமுக்கிட்டேன்."

"புடிச்சுக்கங்க."

"புடிச்சிருக்கேன்."

அடுத்து வர வேண்டிய "இப்ப விடுங்க" வரவில்லை. வாரம் தவறாமல் போன் எடுத்து, சாப்பிட்டீங்களா, மழையா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அவன். அப்படியே அப்பாவின் வார்ப்பு. கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

"அம்மா... அப்பாவோட கடைசி நேரத்துல நான் இல்லாம போயிட்டேனே. அங்க எனக்குத் தூக்கமே வர்றதில்லம்மா."

அண்ணி பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"புடிச்சிருக்கேன்" என்றார். "நீ சொல்லு."

அன்று மாலை கண்டிக்காரருக்குப் போன் போட்டு, ஜீப் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம்.

அண்ணனின் நோய்க்காலத்தில் துணை நின்ற வைத்தியர்கள், தாதியர், அயலவர், தோட்டத்து உறவுகள், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களோடு, அந்தப் பெடலில் ஒரு முறையேனும் கால் வைத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜீப்புக்கு அடியிலிருந்து அண்ணன் உங்களிடமும் ஏதாவது சொல்லியிருப்பார். மதிய போசனம் முடிந்து புறப்படும் முன், அதை அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் முற்றத்தில்தான் இருப்பார்.