பேர் எழுதப்பட்ட பாறை

வவுணதீவுக்கு மேற்கே, வயல் வட்டையின் நடுவில் யானை முதுகாக எழும்பி நிற்கும் பாறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். பாறை வகைகளைப் பதியும் வேலை; நான்கு நாட்களாகக் கற்களோடுதான் பேச்சு. நான் தங்கும் கல்லடி ஊர் விடுதியில் சாவி தருபவர்கூட முகம் பார்ப்பதில்லை.

சுத்தியலால் ஒரு சில்லை உடைத்து, எச்சில் தொட்டு நனைத்து, லென்சில் பார்க்கிறேன். வெளிர்சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய மணிகள். வரி ஏதும் இல்லை. எலும்புள்ள உயிர் எதுவும் பிறக்கும் முன்பே பூமிக்குள் உருகி ஆறிய குழம்பு. படிவத்தில் ‘கிரானைட்’ என்று எழுதுகிறேன்.

சத்தம் கேட்டு, மேய்த்த எருமைகளை விட்டுவிட்டு ஒருவர் ஓடி வருகிறார்.

“உடைக்கப் போறாங்களா மிஸ்?”

“இல்ல அண்ணன். என்ன கல்லெண்டு பாத்துப் பேர்தான் எழுதுறன்.”

“அங்கயும் ஒருத்தர் வந்து பேர்தான் எழுதினவர்.”

அவர் கை காட்டும் இடத்தில் பாறை இல்லை. பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளம் இருக்கிறது.

“மாரி வெள்ளத்துக்கு என்ட மாடுகள் ஏறி நிக்க இது ஒண்டுதான் மிச்சம். பேர் வைக்காமப் போக ஏலாதா மிஸ்?”

கல்லுக்குப் பொய்ப் பெயர் எழுத எனக்குக் கை வராது. அவர் எருமைகளிடம் திரும்பிப் போகிறார்.

படிவத்தின் அடியில் ‘வேறு குறிப்புகள்’ என்றொரு கட்டம் உண்டு. ‘வெள்ளத்தில் எருமைகள் ஏறி நிற்கும் இடம்’ என்று அதில் எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.