மாதா படத்தடியில் இருந்த டோக்கன்

வேலைநிறுத்தம் தொடங்கிய மறுநாள் மாலை நான் கல்லூரி விடுதியிலிருந்து நெய்வேலிக்கு வந்தேன். கம்பெனி பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. ஆர்ச் கேட்டிலிருந்து எங்கள் பிளாக் வரை நடந்தேன். வழிநெடுகச் சுவர்களில் ‘விற்காதே’ என்ற ஒரே சொல் எழுதியிருந்தது. சுரங்கத்தின் பங்குகளைத் தனியாருக்கு விற்பதென்று தில்லியில் எடுத்த முடிவை எதிர்த்து, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த சங்கங்கள் எல்லாம் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தன. தாராளமயம் பற்றி நான் கல்லூரியில் கட்டுரை எழுதிப் பாராட்டும் பெற்றிருந்தேன். ஆனால் அந்தச் சுவர்களைக் கடந்தபோது, அந்தக் கட்டுரையின் ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை.

அப்பா நிலத்தடி நீர்ப் பம்புகளை இயக்குபவர். எங்கள் நிலக்கரிக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆகையால் எந்த வேலைநிறுத்தத்திலும் பம்புக்காரர்களைச் சங்கமே உள்ளே அனுப்பும். நிபந்தனை ஒன்றுதான்: டோக்கன் போடக் கூடாது. டோக்கன் என்பது எண் பொறித்த பித்தளை வில்லை. உள்ளே போகும்போது டைம் ஆபீஸில் கொடுத்தால் அதை ஆணியில் மாட்டுவார்கள்; வெளியே வரும்போது கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டோக்கன் போடாதவர் வேலைக்கு வராதவர். பம்பும் ஓடும், வேலைநிறுத்தமும் முறியாது.

இந்த நிபந்தனை எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் எதையும் விளக்கிச் சொல்லும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை.

மறுநாள் நான் எழுவதற்குள் அப்பா போய்விட்டார். சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா சொன்னார். செருப்பை மாட்டும்போது மாதா படத்தடியில் டோக்கனைப் பார்த்தேன். மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்றே எண்ணினேன். பள்ளி நாட்களில் அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது; சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தால் டைம் ஆபீஸ் கிளார்க் சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிவிடுவார். கேரியரைக் கேட்டில் நின்ற சங்கத்துக்காரரிடம் கொடுத்தேன். டோக்கனை டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக நீட்டினேன். பழைய கிளார்க் அங்கே இல்லை. யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்பா குடுத்து அனுப்பினாரா?”

“மறந்துட்டாரு சார்.”

“ரொம்ப நல்லதும்மா,” என்றார். ஒரு சிறு வேலையைச் சரியாக முடித்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

மதியத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ‘பணிக்குத் திரும்பியோர்’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. முதல் பெயர் அப்பாவுடையது. அதைச் சொல்ல வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய கணவர் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர்.

“பம்புக்குப் போறேன்னு சொல்லிக்கினு, உங்க வூட்டுக்காரரு ஆஜர் போட்டுட்டாரே சிஸ்டர். எங்க வூட்டுல சோறு எறங்கல.” அம்மா பதில் சொல்வதற்குள், எங்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த தம் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

நான் மாதா படத்தைப் பார்த்தேன். மாலைக்குள் எங்கள் வாசல் கதவில் யாரோ சாக்பீஸால் ‘கருங்காலி’ என்று எழுதிவிட்டிருந்தார்கள்.

அப்பா சைக்கிளை நிறுத்தி அதைப் படித்தார். உள்ளே வந்து படத்தடியைப் பார்த்தார். பிறகு என்னை.

“நீயா?”

“மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்பா.”

வெகுநேரம் கால் கழுவினார். “நாளைக்கு கேட் மீட்டிங்ல கேப்பாங்க. நாந்தான் போட்டேன்னு சொல்லிடுறேன்.”

“சங்கத்த விட்டு நீக்கிடுவாங்களே!” என்றார் அம்மா. “இந்த பிளாக்ல நாம எப்படிங்க இருக்கிறது?”

“பொண்ணு மேல பழி போட்டான்னு பேசறதுக்கு, நீக்குறதே மேல்.”

நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். “இன்னிக்கு எந்த வழியாப்பா வெளிய வந்தீங்க?”

“பம்பு பக்கத்து வழியாத்தான். டைம் ஆபீஸ்ல எனக்கு என்ன வேலை?”

காலையில் அப்பா வேண்டாமென்று தடுத்தும் அவர் பின்னால் நடந்தேன். கேட்டுக்கு முன்னால் ஆண்கள் மட்டுமே நின்றார்கள். சங்கச் செயலாளர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லுங்கண்ணே. உங்க டோக்கன் எப்படி உள்ள போச்சு?” என்றார். அப்பா வாயெடுப்பதற்குள், “நான் போட்டேன்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

“பொண்ண முன்னாடி வுட்டுட்டு பின்னாடி நிக்கிறாரு பாரு!” என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது.

செயலாளரை மட்டும் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததைப்போல் சொன்னேன்: “அப்பா நேத்து சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாங்க. டோக்கன வாங்கல. அவங்களே போட்டிருந்தா வரும்போது கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பாங்க. இப்பவும் அது ஆணியிலதான் தொங்கும். போய்ப் பாருங்க.”

இருவர் ஜன்னலுக்குப் போனார்கள். ஆணி வெறுமையாக இருந்தால், அதிகாரி அதைக் கழற்றி வைத்திருந்தால், அப்பாவுக்கு இந்த ஊரில் முகம் இருக்காது. என் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

“தொங்குதுப்பா!” என்று ஒருவர் அங்கிருந்தே கையை உயர்த்தினார்.

செயலாளர் மைக்கை எடுத்தார். “தோழர்களே, கம்பெனி ரெக்கார்டுபடி நம்ம அண்ணன் ராத்திரி பூரா சுரங்கத்துலதான் இருந்திருக்காரு. அண்ணிக்கு இது தெரியுமா?” கூட்டம் அதிர்ந்து சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, ஆனால் தோளைத் தளர்த்தினார்.

கையெழுத்திட்டால் டோக்கனைத் தருவதாக அதிகாரி சொல்லியனுப்பினார். கையெழுத்திட்டால் ஆஜர் உறுதியாகிவிடும். அப்பா மறுத்தார்.

கூட்டம் கலைந்தபோது, அப்பாவோடு பம்பில் வேலை செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளி எங்களிடம் வந்தார். நிலம் சுரங்கத்துக்குப் போனபின் முத்தாண்டிக்குப்பத்தில் குடியேறியவர். அவருக்கு டோக்கன் கிடையாது; மாதாமாதம் புதுப்பிக்கும் காகித பாஸ்தான். இந்த நாட்களிலும் தினமும் உள்ளே போனவர்.

“உங்களுக்காவது கருங்காலின்னு ஒரு பேரு வெச்சாங்க சார்,” என்றார் சிரித்துக்கொண்டே. “நானுந்தான் டெய்லி உள்ள போய்க்கினு இருக்கறேன். போர்டுலயும் என் பேரு இல்ல, கதவுலயும் எவனும் எழுதல. காகித பாஸுக்கு அவ்ளோதான் மரியாத.”

அப்பாவும் அவரும் பம்பு வழியை நோக்கிச் சேர்ந்து நடந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்து கதவை ஈரத்துணியால் துடைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் மீன்குழம்போடு வந்து நின்றார். அம்மா வாங்கிக்கொண்டார்; உட்காரச் சொல்லவில்லை.

சில நாட்களில் தில்லி பின்வாங்கியது. பட்டாசு வெடித்தார்கள். அப்பா ஆணியிலிருந்த டோக்கனைக் கையெழுத்திடாமலே வாங்கிவந்து மாதா படத்தடியில் வைத்தார்.

“அந்த முத்தாண்டிக்குப்பத்துக்காரருக்கு இதுல என்னப்பா கெடைச்சது?” என்று கேட்டேன்.

“அடுத்த மாசமும் பாஸ் கெடைக்கும்னு நெனக்கிறேன்,” என்றார் அப்பா. பிறகு, என்னைப் பார்க்காமல், “அவருக்கும் டோக்கன் வேணும்னு சங்கத்துல கேக்கணும். கேட்டா என்ன சொல்வாங்கன்னும் தெரியும்,” என்றார்.