பதிவில் இல்லாத கோல்காப்பாளர்

பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற இந்த வருடத்தில் ஹொக்கிக்காகத் திருகோணமலைக்குப் போகிறாயா என்று வீட்டில் ஏசினார்கள். ஹொக்கிக்காக இல்லை, மாஸ்டரைப் பார்க்க. அவருடைய பாடசாலை அணி ஏழு வருடம் தொடர்ந்து கிண்ணம் எடுத்திருக்கிறது. அவரைப் பெரிய பயிற்றுநர் என்று இந்தப் பயணக் கட்டுரையில் எழுதுவதாகத்தான் புறப்பட்டேன்.

கொழும்பு ரயில் காலை ஐந்தரைக்கு வந்தது. மைதானத்துக்கு நடை இருபது நிமிடம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மாஸ்டர் கண்ணாடி அலுமாரியைத் திறந்து கிண்ணங்களைக் காட்டினார். தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோர்னர் அடி பழகும்போது கோலில் நிற்பது யார் என்று கேட்டேன்.

"முந்தி சல்லிப் பொடியன் ஒருத்தன் நிண்டவன், யோகராசா. பயமில்லாதவன்."

சல்லி என்கிற கடற்கரைக் கிராமம் ஐந்து மைல், பஸ்ஸுக்கு அறுபது சதம். ஒன்பதே கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம்தான். யோகராசா கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வயது இருபத்துநாலு. வலது முழங்கால் மடியாது; தோணி தள்ள ஏலாது. நாலு வருடம் கால்கவசம் இல்லாமல் பந்துக்கு முன்னால் நின்றவர். கவசம் இருந்தது ஒரு சோடி. அது போட்டிக்குப் போகிறவருக்கு. இவரை ஒரு போட்டிக்கும் எடுக்கவில்லை.

துறைமுகத்தில் விளையாட்டுக்காரரை வேலைக்கு எடுக்கிறார்கள். கதிரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அணியில் இருந்தவர் என்று மாஸ்டரின் கடிதம் வேண்டும். இரண்டுதரம் போய்க் கேட்டாராம். போட்டிப் பதிவில் பெயர் இல்லை, பொய் எழுதமாட்டேன் என்றாராம் மாஸ்டர். விண்ணப்பம் மறுநாளோடு முடிகிறது.

மதியப் பஸ்ஸில் மாஸ்டரிடம் திரும்பிப் போய், பயிற்சியில் நின்றதை எழுதுங்கள், அது பொய்யில்லையே என்றேன்.

"தம்பி, நாலு வருசம் நிண்டவனை ஏன் விளையாட விடேல்லை எண்டு கேப்பினம். அதுக்கு நான் என்ன எழுத?" அலுமாரியைப் பூட்டினார்.

வெறுங்கையோடு மறுபடி சல்லி. யோகராசா சிரித்தார். "கொழும்பில இருந்து வந்த உங்களுக்கும் அதே பதில்தானா?"

மாஸ்டர் பெரிய பயிற்றுநர்தானா என்று கேட்டேன்.

"ஓம், வலு கெட்டிக்காரன். நான் எந்தப் பக்கம் பிந்துறன் எண்டு பாத்து, அங்க அடிக்கச் சொல்லி, பந்தடிக்கிற பொடியங்களுக்குப் பழக்கினவர். என்னட்டை அதை ஒருநாளும் சொல்லேல்லை."

போகிறவர்களுக்கு: சல்லியிலிருந்து கடைசிப் பஸ் ஐந்து மணிக்கு. அலுமாரியை முதலில் பார்க்காதீர்கள். சல்லிக்குப் போய்விட்டு வந்து பாருங்கள். மாஸ்டர் கெட்டிக்காரர், அதை எழுதுகிறேன். பெரியவர் என்று எழுதமாட்டேன். பொய் எழுத எனக்கும் ஏலாது.