கட்சி மாறிய சாவியக்கா

வெட்டி முடித்த சாவியைக் கம்பி பிரஷ்ஷில் இரண்டு இழுப்பு இழுத்து, பிசிறு போயிற்றா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, சாவியக்கா அதை என்னிடம் தராமல் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார். பேச்சு முடியும்வரை சாவி வராது என்று அர்த்தம். “நீங்களே சொல்லுங்க தம்பி. நம்ம ஃபுட்பால் டீமுக்கு வெளிநாட்டுக் கோச் வந்தா என்ன கெட்டுப்போயிடும்?” என்று அந்தச் சாவியையே என் நெஞ்சுக்கு நேரே நீட்டிக் கேட்கிறார். வேலைக்கு நேரமாகிவிட்டவனுக்குக் கொள்கை ஒரு கேடா? “ஒண்ணும் கெடாதுக்கா” என்கிறேன். சாவி கைக்கு வந்துவிடுகிறது.

மருந்துக்கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவே, பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி இருக்கிற அந்தக் கடையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் திரும்ப முடியாது. மூன்று சுவரிலும் கொக்கிகள், கொக்கிகளில் வெட்டாத சாவிகள். பஸ் கடந்தால் சுவர்கள் சலசலக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் அக்கா பேச்சை நிறுத்துவார். பஸ் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே கடை முழுக்கத் தேடுவார். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று யாரிடமும் கேட்கமாட்டார். “கேட்டுட்டா அப்புறம் அந்த வீட்டுக் கவலையும் எனக்கு வந்துடும்” என்பார். புதிதாக ஒன்றாகக் குடிவந்த ஜோடி இரண்டாவது சாவிக்கு வந்தால் மட்டும், “தொலைச்சுட்டு ஒருத்தர ஒருத்தர் திட்டிக்காதீங்க. நேரா என்கிட்ட வாங்க” என்று சொல்லி அனுப்புவார்.

நான் ஜோடி இல்லாமலேயே தொலைக்கிறவன். சாவி தொலைப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு. அதனால் அக்காவை வெகுகாலமாகத் தெரியும்.

கடையின் உள்மூலையில், கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அக்காவின் வீட்டுக்காரர். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அக்கா என்பதால், இவர் தானாகவே மாமா ஆகிவிட்டார். சாவி அக்கா இலாகா, பூட்டு மாமா இலாகா. பூட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு மாமா பேச ஆரம்பித்தால், பூட்டு திறப்பதற்குள் ஒரு போட்டியின் இரண்டு பாதியும் எக்ஸ்ட்ரா டைமும் ஆடி முடித்துவிடுவார். கால்பந்தில் அவருக்கென்று சில முடிவுகள் இருந்தன. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அதில் தலையாய முயல், நம் அணிக்கு நம் ஆள்தான் கோச்சாக இருக்கவேண்டும் என்பது. “உள்ளூர் மாடு விலை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க? பசங்கள நல்லா திட்டணும்ங்க. அதுவும் நம்ம பாஷையில திட்டணும். ஒருத்தன் திட்ட, பக்கத்துல இன்னொருத்தன் நின்னு அத மொழிபெயர்த்தா அது திட்டா? ஆறிப்போன டீ!” என்பார். அக்கா அப்போது மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, “இதுல மட்டும் இவர் சொல்றது சரிதான்” என்பார். அந்த வீட்டில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நடை கொஞ்சம் மிச்சமிருந்தது, பேச்சு போயிருந்தது. சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். இடது கையால் சாவிகளை அளவு பிரித்துக் கொக்கியில் மாட்டுவார், ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வரும். “ஆமா.” எதைக் கேட்டாலும் ஆமா. அவர் சொல்ல நினைத்தது வேறு என்பது அவர் முகத்திலேயே தெரியும். சொன்னபிறகு தன் வாயைத் தானே வெறுப்பதுபோலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த நிலையில்தான் நம் அணி, வழக்கம்போல, கடைசிப் போட்டியில் கோட்டை விட, பழைய கோச்சும் மூட்டையைக் கட்டினார். அடுத்தவர் வெளிநாட்டுக்காரராக இருப்பார் என்று பேச்சு கிளம்பியது. ஊரே இரண்டு கட்சியானது. சாவிக்கடை வாசலில் மூன்று பேர் நின்றாலே மாநாடுதான். உள்ளூர்க் கட்சிக்கு மருந்துக்கடைக்காரர் தலைவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பஸ் டிரைவர் ஒருவர், டியூட்டி இடைவேளைகளில் இரு கட்சிக்கும் பொது. வெளிநாட்டுக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர், யாரும் எதிர்பாராத விதமாக, சாவியக்கா.

அதுவும் என்ன தலைமை! கோலைத் தப்பாகச் சொல்வார், ஆளைத் தப்பாகச் சொல்வார். “அன்னிக்கு அந்த மழை மேட்ச்ல கேப்டன்தானே இடது கால்ல அடிச்சு ஜெயிக்க வச்சாரு? அவரே வெளிநாட்டுல பயிற்சி எடுத்தவர்தானே?” என்பார். அன்றைக்குக் கேப்டன் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். கோல் அடித்தது வேறொருவர், அதுவும் தலையால். பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தால், “நீங்க சும்மா இருங்க. குறுக்க பேசினா உங்க கடைச் சாவிய ஒரு பல் கம்மியா வெட்டிக் குடுத்துடுவேன்” என்று அரத்தை ஆட்டி அடக்கிவிடுவார். பிறகு மூலையைப் பார்த்து, “என்னங்க, நான் சொல்றது சரிதானே?” என்பார்.

“ஆமா” என்பார் மாமா. அக்காவின் முகம் ஒரு கணம் தொங்கும். உடனே மெஷினைப் போட்டுவிடுவார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருந்தது. பேச முடியாத மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் உயிராக நினைத்ததை இப்படியா மிதிப்பது? வாயடைத்துப்போனவர் முன்னால் ஜெயித்துக் காட்டுவதில் என்ன பெருமை? மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் கூட்டம் இல்லை, மாமா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். கேட்டேவிட்டேன். “அக்கா, நீங்க உள்ளூர்க் கட்சிதானே? எப்ப மாறினீங்க?”

அக்கா மாமாவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொன்னதுக்கு ஆமான்னு சொன்ன மனுஷன் இல்ல தம்பி இவர். சுவத்துக்கு நீலம் அடிக்கலாம்னா, இல்ல, பச்சைம்பார். மழை வருதுன்னா, இல்ல, தூறல்தான்ம்பார். எவ்வளவு சண்டை போட்டிருப்பேன்! இப்பப் பாருங்க, வாயத் தொறந்தா ஆமா. சாப்பிடறீங்களா? ஆமா. வேண்டாமா? ஆமா. வலிக்குதா? ஆமா. வலிக்கலையா? அதுக்கும் ஆமா. இந்த ஆமாவ வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? அவருக்கு எது வேணாம்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் பழைய ‘இல்ல’ வேணும் தம்பி. ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும்.”

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருகிறதாம். படம் போட்ட அட்டையைக் காட்டி, இது பூனையா, நாயா என்று கேட்குமாம். மாமா ஜன்னலைப் பார்ப்பாராம். “அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா பூனை பூனையா இருந்தா இவருக்கென்ன, நாயா இருந்தா இவருக்கென்ன? இவருக்குக் கோபம் வரணும். இவருக்கு எது முக்கியமோ அதப்பத்தி நான் தப்புத்தப்பா பேசணும். ரெண்டு பேரும் ஒரே கட்சியில இருந்தா அவர் யாரோட சண்டை போடுவார்? அதான் நான் மாறிட்டேன்.” சொல்லிவிட்டு, “அந்தக் கோல் தலையால போட்டதுன்னு எனக்குத் தெரியாதா என்ன?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் எரிச்சலை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

அன்று முதல் நானும் அக்கா கட்சி. ஆஃப்சைடு என்றால் என்ன என்று அக்கா ஒரு விபரீத விளக்கம் கொடுப்பார்; நான் பலமாக ஆமோதிப்பேன். மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். மூலையிலிருந்து ஆமா வரும். வாரங்கள் போயின. “பேசாம பூனைப் படமே வாங்கிடலாமான்னு இருக்கு” என்று ஒருநாள் அக்கா அலுத்துக்கொண்டார். மாமாவும் முன்போலக் கேட்பதில்லையோ என்று எனக்குத் தோன்றியது. சாவிகளை மாட்டிவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, வெளியே போகிற பஸ்களைப் பார்த்தபடி இருந்தார்.

அறிவிப்பு வந்த மதியம் நான் அங்கே இருந்தேன். இருந்த ஒரே சாவியும் தொலைந்துவிடுமோ என்று பயந்துபோய் நகல் எடுக்கக் கொடுத்திருந்தேன். பஸ் டிரைவர் கைபேசியில் செய்தியைப் பார்த்து உரக்க வாசித்தார். வெளிநாட்டுக்காரர்தான். கையெழுத்தே ஆகிவிட்டதாம். “அக்கா, உங்க கட்சி ஜெயிச்சுடுச்சு!” என்றார்.

மருந்துக்கடைக்காரர் கல்லாவைக்கூட மூடாமல் ஓடிவந்தார். நல்ல மனிதர் அவர். மாமாவின் மாத்திரைகளை ஆளிடம் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுவந்து, வேளை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். ஆனால் தோற்ற கட்சிக்காரருக்கு நிதானம் ஏது? “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்! கோச்ச மாத்தினா ஆட்டம் வந்துடுமா? அந்த ஆளுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியுமா? வாய் பேச வராதவன் என்னத்தைக் கிழிப்பான்? மரம் மாதிரி ஓரமா உட்கார்ந்திருப்பான், வேற எதுக்கு லாயக்கு?”

நுணலும் தன் வாயால் கெடும். சொன்ன அடுத்த நொடி அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. பஸ் டிரைவர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். மூலைப்பக்கம் திரும்ப எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

அக்கா மெஷினை நிறுத்தினார்.

“வாய் பேச வராதவன்னா?” என்றார். குரல் தாழ்வாகத்தான் இருந்தது. “பேச்சு வரலன்னா ஒண்ணும் தெரியாதவனா? அவன் கண்ணு பாக்கல? மனசு பாக்கல? எதிர்ல ஆடறவன் யாரு சோர்ந்திருக்கான், யாரு பயந்திருக்கான்னு தெரிஞ்சுக்க வாய் எதுக்கு? பேச்செல்லாம் வேணாம். ஒரு வார்த்தைகூட வேணாம். அவர் அங்க வந்து உட்கார்ந்தாலே போதும். எனக்கு அதுவே போதும்.”

கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்துவிட்டது. இந்தக் கட்சிச் சண்டையில் அக்கா நடிக்காமல் பேசியது அன்றுதான். பேசியது கோச்சைப் பற்றியும் இல்லை.

அப்போது நாற்காலிக் கைப்பிடியில் ஓர் அடி விழுந்தது.

திரும்பினோம். மாமாவின் இடது கைதான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு கோணி, “ஆ...” என்று ஆரம்பித்தது. அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் மாமா வாயை மூடிக்கொண்டார். வந்த சொல்லை விழுங்கிவிட்டு, தலையைப் பலமாக ஆட்டினார்.

“இ...” என்றார். “இ... இல்ல.”

அக்காவையே பார்த்து, இடது கை விரலால் தன் வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “இல்ல.” பேச்சு வேண்டாமாம், ஒரு வார்த்தைகூட வேண்டாமாம், என்ன பேத்தல் என்கிற அதே பழைய முறைப்பு. முறைத்த கண்களிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா ஓடிப்போய் மாமாவைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நான் நினைத்தேன். அக்கா அப்படி ஒன்றும் செய்யவில்லை. பித்தளைத் தூள் ஒட்டிய கைகளை உடுப்பில் துடைத்துக்கொண்டு, மெஷினுக்கு அடியில் கிடந்த முக்காலியை இழுத்து மாமாவின் முழங்காலை இடிக்கிற மாதிரி போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“என்ன இல்ல? நான் சொல்றதுதான் சரி. பேச்சும் வேணாம், பாஷையும் வேணாம்.”

“இல்ல.”

“ஆமாங்கறேன்!”

“இல்ல!”

யாரோ ஒரு பெண் அவசரமாக வந்து, மேஜைமேல் சாவியைத் தட்டி, “இது மாதிரி ஒண்ணு வெட்டணும்” என்றார். அக்கா திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்து, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.